சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள அருங்காட்சியகங்கள்: பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்க எவை ஏற்றவை?

ஆற்றங்கரை:

அனைவருக்கும் வணக்கம். வரும் பள்ளி விடுமுறையில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் படிவம் ஒன்று முதல் மூன்று வரை பயிலும் பிள்ளைகள் சிலரை அருகிலுள்ள வரலாற்று அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் செல்ல எங்கள் கோயில் இளைஞர்கள் எண்ணியிருக்கிறோம். வேனில் இடம் இருப்பதை அறிந்து, ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டி ஓய்வுபெற்ற பெரியவர்கள் சிலரும் உடன் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள்களுக்கு வேன் கிடைக்கும். இரவு எங்கும் தங்குவதாக இல்லை. காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்ப வேண்டும்.

நம் ஊர் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே இருப்பதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறது என்பதே எங்களுக்குச் சிக்கலாகிவிட்டது. ஒருவர் தைப்பிங் என்கிறார், ஒருவர் கெல்லி மாளிகை என்கிறார், இன்னொருவர் லெங்கோங் பள்ளத்தாக்கை விட்டுவிடக் கூடாது என்கிறார். எல்லாவற்றையும் ஓட்டமும் நடையுமாகப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதில் எனக்கு விருப்பமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை இடம் தாங்கும், எதை விட்டுவிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. வருகிற பெரியவர்களில் ஒருவர், "அங்கே நம்மைப் பற்றி ஏதாவது வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டார். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம், வரிசையாகக் கட்டிய லயன் வீடு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, வெட்டிய பாலைச் சேர்க்கும் பால் ஸ்டோர் என்று அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையைக் காட்டும் இடம் இந்த வட்டாரத்தில் இருக்கிறதா? மூட்டுவலி உள்ளவர்களும் வருவதால் படிக்கட்டுகளைப் பற்றியும் தெரிவியுங்கள்.

ஏரிக்கரை ஆசிரியை:

வணக்கம் தம்பி. நான் தைப்பிங்கில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவள். ஆகவே சொந்த ஊரை முன்னிறுத்துகிறேன் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள், முதன்முதலாக ஓர் அருங்காட்சியகத்துக்குள் நுழைகிற பிள்ளைக்குப் பேராக் அருங்காட்சியகத்தைவிடப் பொருத்தமான இடம் இந்த மாநிலத்தில் இல்லை. 1883இல் தொடங்கப்பட்ட அது நாட்டிலேயே மிகப் பழைய அருங்காட்சியகம். அக்காலத்தில் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக (சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் ஆண்ட அதிகாரியாக) இருந்த ஹியூ லோ அதற்கு வித்திட்டார்; லியோனார்ட் ரே அதன் முதல் காப்பாளராக இருந்து பொருள்களைத் திரட்டினார். பாடம் செய்யப்பட்ட விலங்குகளையும் எலும்புக்கூடுகளையும் பார்த்தவுடன் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். அவர்களை விரட்டாதீர்கள். ஆசை தீரப் பார்த்த பிறகு, பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களின் பொருள்கள் வைக்கப்பட்டுள்ள பகுதியிலும், கிரிஸ் என்னும் குத்துவாள், மட்பாண்டம், துணிவகை முதலியவை உள்ள பகுதியிலும் நிதானமாக நடக்கவிட்டு, இவற்றையெல்லாம் யார், எதற்காகச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். ஈயத்தின் பொருட்டு இந்த மண்ணில் கால் ஊன்றிய ஓர் அரசு, தன் கைக்கு வந்த நாட்டில் என்ன விலங்கு உண்டு, என்ன கனிமம் உண்டு, எந்த மக்கள் வாழ்கிறார்கள் என்று எடுத்த கணக்கின் எச்சமே அந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். எதிர்ப்புறம் நிற்கும் சிறைச்சாலை 1879இல் கட்டப்பட்டது. அருங்காட்சியகத்தையும் சிறையையும் ஒரே தெருவில் எதிரெதிராக வைத்த ஆட்சியைப் பற்றிப் பேச வேறு பாடநூல் தேவையில்லை.

அந்தக் கணக்கெடுப்பில் நம்மவர்கள் காட்சிப் பொருளாக இடம்பெறவில்லை, கூலிகளாகத்தான் இடம்பெற்றார்கள். அதைக் காட்டும் இடம் அருங்காட்சியகத்துக்கு வெளியே இருக்கிறது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்த இரயில்பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. மலாயாவின் முதல் இரயில்பாதை அதுதான். சுரங்கத்து ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுசேர்க்க அமைக்கப்பட்ட அந்தப் பாதையில் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட முன்னோடிப் படையினர் உழைத்தார்கள். பிற்காலத்தில் இரயில் நிலையங்களின் எழுத்து வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைந்ததற்கு அதற்குப் பின் விரிந்த இரயில்வேயே காரணம். போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பெத்தாங் எனப்படும் மீன்பிடி ஊர். இரயில் இல்லை, தண்டவாளமும் இல்லை. பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் கடைத்தெருவில் நிற்கிறது. அதில் தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதப்பட்டிருப்பதைப் பெரியவர்களிடம் காட்டுங்கள்.

நேரம் இருந்தால் போகிற வழியில் மாத்தாங்கில் இறங்கலாம். ஈய வணிகத்தால் செல்வந்தரான ங்கா இப்ராகிமின் கோட்டை அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. 1875இல் பாசிர் சாலாக்கில் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்ட பிறகு, மலாய்த் தலைவரான மகாராஜா லேலாவும் மற்றவர்களும் விசாரிக்கப்பட்டது அந்தக் கோட்டையில்தான். படிவம் மூன்று மாணவர்களுக்கு இது பாடத்தோடு ஒட்டிய இடம். பெரியவர்களுக்கு அலுப்புத் தட்டக்கூடும். வாசலில் நிழல் இருக்கிறது, உட்கார்ந்திருக்கலாம்.

ஒரு நாளைக்கு இரண்டு இடங்கள், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போனால் பிள்ளைகளின் கண் கைபேசிக்குத் திரும்பிவிடும். விளக்கப் பலகைகள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று பிரித்துவிட்டு, பலகையில் உள்ளதைத் தமிழில் அவருக்குச் சொல்லும் பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள். சொல்லிக் காட்ட வேண்டும் என்று வந்துவிட்டால் பிள்ளைகள் தாமாகவே கவனித்துப் படிப்பார்கள்.

கிந்தாக்காரன்:

ஆசிரியை அம்மா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தைப்பிங்குக்குப் போகிற வழியில் கோலகங்சாரில் இறங்காமல் போவது தகாது. அரண்மனைகளுக்காகச் சொல்லவில்லை, ஒரு மரத்துக்காகச் சொல்கிறேன்.

1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்துசேர்ந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில், ஹியூ லோவின் இல்லத்துத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே, சுற்றிலும் வேலியிட்டு இன்றும் நிற்கிறது. நுழைவுச்சீட்டு இல்லை, படிக்கட்டு இல்லை, வேனிலிருந்து இறங்கினால் மரம். அதை அருங்காட்சியகமாக யாரும் கருதுவதில்லை என்றாலும், இந்த நாட்டின் தோட்டத்து மக்களுக்கு அதைவிடப் பெரிய காட்சிப்பொருள் எதுவும் கிடையாது. நட்டவுடன் யாரும் அதைப் பணமாகப் பார்க்கவில்லை. துரைமார்கள் கரும்பையும் காப்பியையும் நம்பியிருந்தார்கள். காப்பியில் நோய் விழுந்து விலையும் சரிந்த பிறகே ரப்பரின் பக்கம் திரும்பினார்கள். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருந்த ஹென்றி ரிட்லி 1890களில் வகுத்துக் காட்டினார். அதன்பிறகுதான் கப்பல் கப்பலாக நம் தாத்தா பாட்டிகள் வந்து இறங்கினார்கள்.

அந்த மரத்தடியில் பால்வெட்டிய பெரியவர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். உளியை எந்தச் சாய்வில் பிடிப்பார்கள், பட்டை எவ்வளவு ஆழம் போனால் மரத்துக்குக் காயம்படும், மழை பெய்தால் அன்றைய கூலி என்னவாகும், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் உறைந்த ஒட்டுப்பாலை எப்படித் தனியாக எடைபோட்டார்கள் என்பதையெல்லாம் எந்த விளக்கப் பலகையும் அவரைப் போலச் சொல்லாது. செய்து காட்டுகிறேன் என்று அவர் உளியைக் கையோடு கொண்டுவந்தால் மட்டும் வேனிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

கோலகங்சாரில் இஸ்தானா கெனாங்கான் 1926இல் ஆணியே அடிக்காமல் கட்டப்பட்ட மர அரண்மனை. பின்னப்பட்ட மூங்கில் சுவர்களைக் கொண்டது. புதிய அரண்மனை 1933இல் முடியும்வரை சுல்தான் அதில் வாழ்ந்தார். சீரமைப்புக்காக அது மூடப்படுவதுண்டு என்பதால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். உள்ளே விடாவிட்டாலும் வெளியிலிருந்து பார்ப்பதே போதுமான அழகு. சுல்தான் அஸ்லான் ஷா காட்சிக்கூடத்தில் அரச உடைகளும் பரிசுப் பொருள்களும் இருக்கின்றன. உங்கள் நோக்கத்துக்கு அது அவசியமில்லை என்பது என் எண்ணம்.

இனி கெல்லி மாளிகை. பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் எல்லாம் பேய்க்கதை கேட்டுவிட்டு வருகிறார்கள். நீங்களாவது அதை மாற்றுங்கள். வில்லியம் கெல்லி சிமித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் முதலாளி. 1915இல் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கி, செங்கல்லும் பளிங்கும் மட்டுமல்லாமல் கொத்தர்களையும் தென்னிந்தியாவிலிருந்து வரவழைத்தார். முதல் உலகப்போரின் இறுதியில் பரவிய ஸ்பானியக் காய்ச்சல் அந்தத் தொழிலாளர்களில் பலரைக் கொண்டுபோயிற்று. தங்களுக்கு ஒரு மாரியம்மன் கோயில் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், அவரும் இசைந்தார். மாளிகையிலிருந்து சற்றுத் தள்ளி அந்தக் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அதன் மேல்தளத்துச் சுதைச் சிற்பங்களுக்கு நடுவே தொப்பி அணிந்த துரையின் உருவமும் நிற்கிறது. சிமித் 1926இல் லிஸ்பனில் நுரையீரல் அழற்சியால் இறந்துபோக, மாளிகை முடிவுபெறாமலே நின்றுவிட்டது. கட்டி முடியாத மாளிகைக்கு ஊர் உலகமெல்லாம் வருகிறது. கட்டியவர்கள் கும்பிட்ட கோயிலுக்கு வழி கேட்பவர் குறைவு. முதலில் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, பிறகு மாளிகைக்குப் போங்கள். வரிசை மாறினால் கதையும் மாறிவிடும்.

மாளிகையின் படிகள் குறுகலானவை. முட்டிவலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கடாரத்தான்:

ஐயா, எல்லாரும் வெள்ளைக்காரன் காலத்திலேயே நிற்கிறீர்கள். நம் வரலாறு கங்காணியோடு தொடங்கியது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளவா? கெடாவில் மெர்போக் அருகே பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. குனோங் ஜெராய் மலையடிவாரத்தில், புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளம் மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. வேறு இடங்களில் தோண்டியெடுத்த கோயில் தளங்களையும் அங்கே கொண்டுவந்து அமைத்திருக்கிறார்கள். 1930களில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அங்கே அகழாய்வு செய்தார். அண்மைக் காலத்தில் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் சான்றுகள் கிடைத்தன. பட்டினப்பாலை "காழகத்து ஆக்கம்" என்று பாடியதும், 1025இல் இராசேந்திர சோழன் கடற்படை அனுப்பியதும் இந்தக் கடாரத்தைத்தான் என்று படித்த பிள்ளை அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தால் அவனுக்கு வரும் நிமிர்வு, ஒரு ரப்பர் மரத்தைப் பார்த்து வராது. சுங்கை சிப்புட்டிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம்தான்.

ஏரிக்கரை ஆசிரியை:

பூஜாங் பள்ளத்தாக்கு கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2013இல் அங்கே ஒரு பழைய கோயில் தளத்தைக் கட்டுமானத்துக்காக இடித்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது வகுப்பில் பாடத்தை நிறுத்தி அதைப் பற்றித்தான் பேசினேன். ஆனால் தம்பி கேட்டது சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள இடங்களை. மேலும், படையெடுத்துவந்த அரசனைக் காட்டினால்தான் பிள்ளை நிமிர்வான், தன் பாட்டியின் உழைப்பைக் காட்டினால் குனிவான் என்ற கணக்கு எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் சிறப்பே வணிகமும் இரும்பும் பௌத்தமும் சைவமும் பல ஊர் மக்களும் கலந்த துறைமுக வாழ்க்கை. அதை ஒரு படையெடுப்பாகச் சுருக்குவது அந்த இடத்துக்கும் நியாயமில்லை. அதற்கென்று வேறொரு விடுமுறையில் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

லெங்கோங்கும் அப்படியே. 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பேராக் மனிதனின் எலும்புக்கூடு அங்கிருந்துதான் கிடைத்தது. தொல்லியலில் ஆர்வமுள்ள பிள்ளைகளை மட்டும் பிறகு அழைத்துப் போகலாம்.

பழைய கிராணி:

தம்பி ஆற்றங்கரைக்கு வணக்கம். தோட்ட அலுவலகத்தில் தொழிலாளர் வருகையும் கூலியும் பதியும் செக்ரோல் எழுதிக் காலம் கழித்தவன் என்ற முறையில், "நம்மைப் பற்றி ஏதாவது வைத்திருக்கிறார்களா?" என்ற அந்தப் பெரியவரின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தோட்டத்து வாழ்க்கைக்கென்றே தனி அருங்காட்சியகம் நம் வட்டாரத்தில் நான் பார்த்தவரை இல்லை. ஈயத்துக்கு உண்டு. கம்பாரில் உள்ள கிந்தா ஈயச் சுரங்க அருங்காட்சியகத்தில் தூலாங் என்னும் மரத்தட்டில் ஈயம் அலசிய பெண்களின் உருவங்கள் ஆளுயரத்துக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. ஈப்போவில் ஹக்கா சீனச் சுரங்க முதலாளிகளின் பழைய மன்றமான ஹான் சின் பெட் சூ, முன்பதிவு செய்து வழிகாட்டியோடு சுற்றிப்பார்க்கும் இடமாக இருக்கிறது. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் செய்யப்பட்டு 1982 வரை ஈயம் தோண்டிய 4,500 டன் எடையுள்ள மிதவை இயந்திரம் அப்படியே நிற்கிறது. ஒரு தொழிலின் வரலாற்றை அந்தத் தொழிலால் வாழ்ந்த சமூகத்தாரும் மாநிலமும் சேர்ந்து எப்படிக் காப்பாற்றலாம் என்பதற்கு இவை நல்ல முன்மாதிரிகள். பொறாமையோடு சொல்லவில்லை, பெரியவர்களை அங்கே அழைத்துப் போனால் அவர்களுக்கே தோன்றும்: கம்பில் மாட்டித் தோளில் பால் சுமந்த எங்கள் காண்டா வாளி எங்கே, எங்கள் பெரட்டு மணி எங்கே என்று.

நம் ஊரைப் பற்றியும் பிள்ளைகளுக்கு ஒன்று தெரிய வேண்டும். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் காலையில் எல்ஃபில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர் என்ற மேலாளர் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சற்று நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் மேலும் இரு வெள்ளைக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூன் 18க்குள், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்குவதற்கான அவசரகாலம் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டு, 1960 ஜூலை இறுதிவரை நீடித்தது. பாடநூலில் சுங்கை சிப்புட் என்ற பெயர் வருவது பெரும்பாலும் அந்த ஒரு காலைப்பொழுதுக்காகத்தான். பத்து காஜாவில் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் அக்காலத்தில் உயிரிழந்த தோட்டத் துரைகளும் காவலர்களும் படைவீரர்களும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கெல்லி மாளிகைக்குப் போகிறவர்கள் அங்கே சற்று நின்று போகலாம்.

ஆனால் அந்தக் கல்லறைகளோடு கதையை முடித்துவிடக் கூடாது. அதே 1948இல் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் பதிவு நீக்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். தோட்டங்களில் தள்ளித் தள்ளி இருந்த லயன்களை ஒன்றாகக் கூட்டி முள்கம்பி வேலி போட்டார்கள். விடியற்காலையில் வேலிக் கதவருகே ஒவ்வொருவரையும் சோதித்து, மத்தியானச் சோற்றைக்கூட வெளியே கொண்டுபோக விடாமல் தடுத்தார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பது காரணம். வெறும் வயிற்றில் பால்வெட்டியவர்களின் பிள்ளைகள் உங்கள் வேனில் வரப்போகிற அந்தப் பெரியவர்கள். அவர்கள் சிறுவயதில் அந்த வேலிக்குள் வளர்ந்திருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள். எடுத்த எடுப்பில் கேட்காமல், பொருளைக் காட்டிக் கேளுங்கள். ஒரு மங்கை நீட்டினால் வருகிற பேச்சு, கேள்வித்தாளை நீட்டினால் வராது.

கைபேசியில் பதிவு செய்வதானால் அவரவர் சம்மதம் பெற்று, எந்தத் தோட்டம், அதில் எந்த டிவிஷன் (பிரிவு), ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லவைத்துப் பதியுங்கள். தோட்டங்கள் கைமாறிப் பெயர் மாறிவிட்டன. பல செம்பனைக்கு மாறின, சில வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. பெயரும் ஆண்டும் இல்லாத பேச்சு பிறகு ஆய்வு செய்கிறவர்களுக்குப் பயன்படாது. வீடுகளில் கிடக்கும் சம்பளச் சீட்டு, பழைய சிவப்பு அடையாள அட்டை, தொழிற்சங்க உறுப்பினர் அட்டை ஆகியவற்றை நெகிழி உறையில் போட்டு வைக்காமல் படமெடுத்துக்கொண்டு காகித உறையில் திருப்பிக் கொடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் நெகிழிக்குள் வியர்த்துக் காகிதம் ஒட்டிக்கொள்ளும்.

எல்ஃபில் பக்கம் பிள்ளைகளை அழைத்துப் போகும் எண்ணம் இருந்தால், அது காட்சியகம் அல்ல, மக்கள் வாழும், வேலை நடக்கும் தோட்டம் என்பதை மறக்க வேண்டாம். நிர்வாகத்திடம் முன்னதாகவே எழுதி அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் ஊருக்குள்ளேயே மகாத்மா காந்தி கலாசாலை இருக்கிறது. பின்னாளில் அமைச்சரான துன் சம்பந்தனின் முயற்சியில் எழுந்து, 1954இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்த பள்ளி அது. வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரும் துன் சம்பந்தனே என்பதை அந்த வாசலில் நின்று சொன்னால் பிள்ளைகளுக்கு நன்றாகப் பதியும்.

ஆற்றங்கரை:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியை அம்மாவும் கிராணி ஐயாவும் எழுதியவற்றை அச்செடுத்து எங்கள் குழுவினருக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் நாள் கோலகங்சார் ரப்பர் மரம், பேராக் அருங்காட்சியகம், மாலையில் கோலா செப்பெத்தாங் என்று முடிவு செய்திருக்கிறோம். மாத்தாங் கோட்டையை அன்றைய நேரத்தைப் பார்த்து முடிவு செய்வோம். இரண்டாம் நாள் கெல்லி மாளிகையின் கோயிலும் மாளிகையும், பத்து காஜா கல்லறைத் தோட்டமும் உறுதி. மிஞ்சும் நேரத்துக்கு ஈப்போவின் டாருல் ரிட்சுவான் அருங்காட்சியகமா, தஞ்சோங் துவாலாங் மிதவை இயந்திரமா என்பதில்தான் இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. புறப்படுவதற்கு முன், மங்கும் உளியும் காண்டா கம்பும் யார் வீட்டில் இருக்கின்றன என்று பிள்ளைகளையே தேடச் சொல்லியிருக்கிறோம்.

கிந்தாக்காரன்:

மிதவை இயந்திரத்துக்கே என் ஓட்டு. டாருல் ரிட்சுவான் அருங்காட்சியகம் 1926இல் ஓர் ஈய முதலாளி கட்டிய மாளிகை. அடியில் குண்டுவீச்சுக்குப் பதுங்கும் அறை இருப்பதால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே நாளில் இரண்டு முதலாளிகளின் வீடுகளைப் பார்ப்பானேன்? மிதவை இயந்திரம் வேலை செய்த இடம். வாளிச் சங்கிலி மண்ணை அள்ளிய விதத்தை வழிகாட்டி விளக்குவார். பத்து காஜாவிலிருந்து அது பக்கமும்கூட. மேலே ஏற இரும்புப் படிகள் உண்டு. ஏற முடியாத பெரியவர்கள் கீழே இருந்தே முழு உருவத்தையும் பார்க்கலாம்.

வெயில் ஏறுவதற்கு முன் அதை முடித்துவிட்டுப் பிறகு கல்லறைத் தோட்டம், கோயில், மாளிகை என்று வந்தால் திரும்பும் வழியும் நேராக அமையும். கோப்பெங் பக்கம் போய் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம், ஈப்போ நகரத்து நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை. இரண்டு நாள்களில் எதையும் வெள்ளிக்கிழமையில் வைக்காதீர்கள். நண்பகல் தொழுகைக்காக அருங்காட்சியகங்கள் நெடுநேரம் மூடியிருக்கும். போகும் தேதி முடிவானதும் ஒவ்வோர் இடத்துக்கும் தொலைபேசியில் பேசி, மாணவர் குழு வருகிறது என்று சொல்லிவையுங்கள். கோயிலுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் ஐயர் இருக்கும் நேரத்தில் போய்ச் சேரலாம்.